ஆபத்து வேளைக்கு எந்த மணிக்கூடு?

இடர்காலத்தில் கையில் இருக்கவேண்டிய மணிக்கூடு எது என்று இணையத்தில் தேடுபவருக்குக் கிடைக்கும் அறிவுரைகளிற் பெரும்பாலானவை, பனி மூடிய மலைகளிலும் ஊசியிலைக் காடுகளிலும் வழிதவறிப்போகிற ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எழுதியவர்கள் தங்கள் நிலத்தை நன்கு அறிந்தே எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, பனியும் இல்லை, நாட்கணக்கில் நடந்தாலும் ஊர் தென்படாத காடும் இல்லை. நமக்கு ஆபத்து கடலிலிருந்து வருகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களின் புயலாகவும் வெள்ளமாகவும் வருகிறது. நீண்ட மின்தடையாகவும், கடைக்குப் போனாலும் பொருள் கிடைக்காத காலமாகவும் வருகிறது. இவற்றை முன்வைத்து ஒரு மணிக்கூட்டை எப்படித் தெரிவுசெய்வது என்று நான் நெடுநாளாக யோசித்தும் விசாரித்தும் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

மணிக்கூட்டை நாம் நேரம் அறியும் கருவியாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். பள்ளிக்கூடம், அலுவலகம், பேருந்து, கோயிற் பூசை என எல்லாவற்றுக்கும் இன்ன மணி என்று ஒன்று உண்டு. ஊரோடு ஒத்த மணியைக் காட்டினால் அது நல்ல மணிக்கூடு. ஆபத்து வந்துவிட்ட பின்னரோ, ஒன்று தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று, இன்னும் எவ்வளவு நேரம் எஞ்சியிருக்கிறது என்ற கணக்குத்தான் உயிரோடு தொடர்புடையதாகிறது. வடமராட்சியில் நெடுங்காலம் கடற்றொழில் செய்த என் உறவினர் ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டபோது அவர் யோசிக்காமலே சொன்னார்: “தம்பி, கடலிலை இப்ப எத்தினை மணியெண்டு ஆர் கேக்கினம்? வெளிக்கிட்டு எவ்வளவு நேரமாச்சு எண்டதைத்தான் பாக்கவேணும்.” மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் பூட்டிய சிறிய படகில் எரிபொருள் மணித்தியாலக் கணக்கில்தான் அளக்கப்படுகிறது. எந்தத் திசையில் எவ்வளவு நேரம் ஓடினோம் என்று தெரிந்தால் கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்; இயந்திரம் நின்றுவிட்டால், வாடைக்காற்றோ சோளகக்காற்றோ எவ்வளவு நேரம் படகைத் தள்ளியிருக்கிறது என்பதைக் கொண்டு, மிதந்து வந்த தூரத்தை ஓரளவு மதிப்பிடலாம். இப்போது பல படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அது நனைந்து அணைந்துபோன பிறகு எஞ்சுவது இந்தப் பழைய கணக்கு மட்டுமே.

இதை இன்னொரு வழியிலும் விளக்கலாம். 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியபோது இலங்கை நேரம் காலை 6.59. ஆனால் அக்காலத்தில் இந்தத் தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தி, அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே கொண்டுவந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலோ பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, அரசாங்கப் பகுதிக்கும் வன்னிக்கும் இடையிலிருந்த முகமாலையைக் கடந்து போய்வந்தவர்கள் அரை மணித்தியாலத்தைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிட்டார்கள். ஆகவே யாழ் நகரத்து மணிக்கூடு 6.59 காட்டிய அதே கணத்தில் முல்லைத்தீவு மணிக்கூடு 6.29 காட்டியது. கிழக்குக் கரையை அலை எட்ட எடுத்த, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் என்ற அந்த இடைவெளி மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அந்த இடைவெளி தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருக்கலாம் என்பதை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. ஆழிப்பேரலை ஒரே அலையாக வந்து முடிவதுமில்லை. அடுத்த அலை பத்து நிமிடத்திலும் வரலாம், ஒரு மணித்தியாலம் கழித்தும் வரலாம். முதல் அலைதான் பெரியது என்ற விதியும் கிடையாது. கடல் வற்றிவிட்டது என்று கரைக்குத் திரும்பப் புறப்படுகிறவரைத் தடுத்து நிறுத்த, முதல் அலை வந்து இன்னும் இருபது நிமிடம்கூட ஆகவில்லை என்று ஒருவர் உறுதியாகச் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும்.

இதனால்தான் நான் முதலில் பார்ப்பது, முகப்பைச் சுற்றியுள்ள சுழலும் வளையத்தை. சுழியோடிகளுக்காகச் செய்யப்படும் மணிக்கூடுகளில் இது இருக்கும். வளையத்திலுள்ள அடையாளத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால், அதன்பின் முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அத்தனை நிமிடம் கழிந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பொத்தானையும் அழுத்தவேண்டியதில்லை. நனைந்த கையாலும் நடுங்கும் கையாலும் செய்யலாம். இது இடப்பக்கமாக மட்டுமே சுழலும்படி செய்யப்பட்டிருப்பதற்கும் காரணம் இருக்கிறது: எங்காவது இடிபட்டு வளையம் நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் தெரியும், ஒருபோதும் குறைவாகத் தெரியாது. காற்றுச் சிலிண்டரை நம்பி நீருக்கடியில் இருப்பவருக்கு எந்தப் பக்கத் தவறு பாதுகாப்பானது என்று எண்ணிப்பார்த்துச் செய்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நேரத்துக்கு மணி முள்ளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் குறை.

அடுத்தது வலு. இதில் யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் உள்ளே வரவிடப்படாத பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்ததும் என் தலைமுறையின் பொது நினைவு. பற்றரி தீர்ந்த மணிக்கூடுகள் அலுமாரிக்குள் போக, எங்கள் வீட்டில் அப்பாவின் சாவி கொடுக்கும் மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் முகம் கழுவியதும் அவர் அதற்குச் சாவி கொடுப்பார். அதிலிருந்துதான் வீட்டில் எல்லோருக்கும் நேரம். 2022 இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை நாடே கண்டது. நாள்தோறும் மின்னேற்ற வேண்டிய திறன் மணிக்கூடுகளை இந்தத் தேவைக்கு நான் பொருட்படுத்துவதேயில்லை.

அப்படியானால் சாவி கொடுக்கும் மணிக்கூடுதானே சிறந்தது என்று கேட்கலாம். துல்லியத்தைக் கொண்டு அதைத் தள்ளிவிட முடியாது. நாளொன்றுக்கு முப்பது செக்கன் பிழைவிடும் பழைய இயந்திரமானாலும், இரண்டு மணித்தியாலத்தை அளக்கும்போது வரும் பிழை இரண்டரைச் செக்கன்தான். அதன் பலவீனம் உடல்வலிமையில் இருக்கிறது: பழைய மணிக்கூடுகளுக்கு நீர்க்காப்பு மிகக் குறைவு, அதிர்ச்சியையும் அவை எளிதில் தாங்குவதில்லை. கையசைவில் தானே சாவி ஏறும் தானியங்கி மணிக்கூடுகள் உறுதியானவை. ஆனால் கழற்றி வைத்தால் ஏறத்தாழ நாற்பது மணித்தியாலத்தில் நின்றுவிடும். நம் ஊரில் பலர் வைத்திருக்கும் செய்கோ மணிக்கூடுகளில் உள்ள 7எஸ்26 என்ற இயந்திரத்துக்கு வெளியிலிருந்து சாவி கொடுக்கும் வசதியும் இல்லை. காய்ச்சலில் இரண்டு நாள் அசையாமல் படுத்தவரின் கையில் அது நின்றிருக்கும்.

ஒளியில் மின்னேறும் மணிக்கூடு இந்த இரண்டு துன்பத்தையும் தீர்க்கிறது. முகப்புத் தட்டின் கீழுள்ள சூரியக்கலம் உள்ளேயுள்ள சிறு மின்கலத்தை நிரப்புகிறது. சிட்டிசன் நிறுவனம் 1976 இலேயே முள் கொண்ட சூரியவொளி மணிக்கூட்டைச் செய்தது. அந்நிறுவனத்தின் இன்றைய சுழியோடி மணிக்கூடுகளில், முழுதாக நிறைந்தபின் இருட்டிலேயே வைத்தாலும் ஆறு மாதம் ஓடுபவை இருக்கின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் காணவில்லை. ஆனால் மின்னேற்றுவதாக நினைத்து நடுப்பகல் வெயிலில் கூரைத் தகரத்தின் மேலோ வாகனத்தின் கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்துவிடக்கூடாது. அந்தச் சூடு மின்கலத்தைக் கெடுக்கும். கையில் கட்டிக்கொண்டு வளவுக்குள் நடந்தாலே போதும்.

நீர்க்காப்புப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பின்மூடியில் 30 மீற்றர் என்று பொறித்திருந்தால் 30 மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்று கருதக்கூடாது; அந்த எண் ஆய்வுகூடத்தில் அசையாத நிலையில் கொடுக்கப்பட்ட அமுக்கத்தைக் குறிக்கிறது. 30 மீற்றர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். நீந்துவதற்கு 100 மீற்றர் வேண்டும். சுழியோடி மணிக்கூடுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரம் இதைவிடக் கடுமையானது. ஒவ்வொரு மணிக்கூடும் அதில் பொறிக்கப்பட்ட ஆழத்தைவிடக் கால்பங்கு கூடுதலான அமுக்கத்தில் சோதிக்கப்படவேண்டும். அந்த வகை மணிக்கூடு உப்புக் கரைசலில் 24 மணித்தியாலம் கிடந்தும் கெடாமல் இருக்கவேண்டும். இருட்டில் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நேரமும், மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியவேண்டும். உப்புக்காற்றில் வாழும் நமக்கு இந்தத் தரத்தின் ஒவ்வொரு வரியும் பொருத்தமாக இருக்கிறது. போர்க்காலத்தில் கிளாலிக் கடல்நீரேரியை வெளிச்சமேயில்லாத இரவுகளில் படகில் கடந்தவர்களுக்கு, தீக்குச்சி கிழிக்காமலும் ரோர்ச் அடிக்காமலும் நேரம் பார்க்க முடிவதன் அருமை தெரியும். இன்று முட்களில் பூசப்படும் ஒளிர்பொருள் வெளிச்சத்தை உறிஞ்சிப் பின் மெல்ல விடுகிறது. விடியும்வரை மங்கலாகவேனும் தெரியும். திரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த குழாய்கள் தாமாகவே ஒளிர்ந்தாலும், அதன் அரைவாழ்வு 12.3 ஆண்டு என்பதால் அத்தனை காலத்தில் ஒளி பாதியாகிவிடும்.

இனித் திசையறிதலுக்கு வருகிறேன். வெளிநாட்டு அறிவுரைகளை அப்படியே ஏற்றால் ஆபத்தாக முடியக்கூடிய இடம் இதுதான். மணி முள்ளைச் சூரியனை நோக்கிப் பிடித்து, அதற்கும் 12 என்ற எண்ணுக்கும் இடையிலுள்ள கோணத்தை இரண்டாகப் பிரித்தால் தெற்குத் தெரியும் என்பது எல்லா உயிர்காப்பு நூல்களிலும் உள்ள வித்தை. நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் நாடுகளில் அது ஓரளவு சரி. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஓகஸ்ட் இறுதிவரை நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் நண்பகலை ஒட்டிய வேளையில் இந்த வித்தையைச் செய்து பார்ப்பவருக்கு வடக்கே தெற்கென்று காட்டப்படும். பாக்குநீரிணையில் திசை தெரியாமல் மிதக்கிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. நமக்கு உதவுவது இதைவிட எளிய விதி. நம் அகலாங்கில் சூரியன் செங்குத்தாக எழுந்து செங்குத்தாக விழுவதால், மணிக்கூடு காலை எட்டைத் தாண்டாதவரை சூரியன் நிற்கும் திசை ஆண்டு முழுவதும் சரியான கிழக்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகைக்குள் இருக்கும். மாலையில் நாலரைக்குப் பின் மேற்கும் அவ்வாறே. நண்பகலில் சூரியனைக் கொண்டு திசை தேடாமல் காத்திருப்பதுதான் அறிவு.

பொழுதுபட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கைவிரல்களால் அளக்கும் முறைக்கும் இதே திருத்தம் வேண்டும். கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் நான்கு விரல் அடங்கினால் ஒரு மணித்தியாலம் என்று சொல்வார்கள். நீட்டிய கையின் நான்கு விரல் ஏறத்தாழ 7, 8 பாகை. வடக்கு நாடுகளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்த அளவைக் கடக்க ஒரு மணித்தியாலம் எடுக்கலாம். இங்கே மணிக்கு 15 பாகைக்குச் சற்றுக் குறைவாக நேரே கீழிறங்குவதால் அது அரை மணித்தியாலம்தான். அந்திவெளிச்சமும் நமக்குக் குறுகியது. ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று நம்பி நெடுந்தீவுப் பக்கம் படகை எடுப்பவர் பாதி வழியில் இருட்டில் மாட்டிக்கொள்வார். கையில் மணிக்கூடு இருந்தால் இந்த அளவே தேவைப்படாது: இங்கே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் மாலை 5.45 க்கும் 6.35 க்கும் இடையிற்றான் நகர்கிறது.

வளியமுக்கம் காட்டும் மணிக்கூடுகளைப் பற்றி எனக்கு ஒரு தனி விருப்பம் உண்டு. மலையேறுபவர்களுக்காக விற்கப்படுவதால் இவை நமக்கு உதவாது என்று பலர் எண்ணுகிறார்கள். நான் இதற்கு மாறாகவே கருதுகிறேன். ஒரே உணரிதான் உயரத்தையும் அமுக்கத்தையும் அளக்கிறது. மலைநாட்டில் நடப்பவருக்கு எண் மாறியது வானிலையாலா ஏற்றத்தாலா என்று பிரித்தறிவது கடினம். சமதரையான குடாநாட்டில் எண் மாறினால் அது வளிமண்டலத்தின் மாற்றமே. ஒன்றை மட்டும் தெரிந்திருக்கவேண்டும்: நம் வலயத்தில் அமுக்கம் நாள்தோறும் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் ஏறி, பின்னிரவு நாலு மணியளவிலும் பின்னேரம் நாலு மணியளவிலும் இறங்கும், இந்த ஏற்றவிறக்கம் சில ஹெக்டோபஸ்கல் அளவினது. பின்னேரம் எண் இறங்கியதைக் கண்டு பயப்படவேண்டாம். இன்று பின்னேரத்து எண்ணை நேற்றுப் பின்னேரத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். அது தெளிவாகக் குறைந்து, இரவு பத்து மணிக்கும் ஏறாமல் இருந்தால், வங்கக்கடலில் ஏதோ நெருங்குகிறது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடபகுதியையும் தாக்கிச் சென்றது. புயலின் கண் ஓரிடத்தைக் கடக்கும்போது காற்று அடங்கி, பின்னர் எதிர்ப்பக்கத்திலிருந்து மீண்டும் வீசும். அமுக்கம் அடிமட்டத்திலேயே இருக்க, காற்று மட்டும் அடங்கியிருந்தால் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

வைத்தியத் தேவைகளுக்குச் செக்கன் முள் தெளிவாக இருக்கவேண்டும்; நாடித்துடிப்பைப் பதினைந்து செக்கனுக்கு எண்ணி நாலால் பெருக்குவதற்கு அது போதும். வெள்ளத்துக்குப் பின் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவேண்டும். குளோரின் இட்டால் அரை மணித்தியாலம் விடவேண்டும். பாம்புக்கடி நம் ஊரில் மழைக்காலத்து நிரந்தர ஆபத்து. எத்தனை மணிக்குக் கடித்தது, வாந்தியோ இமை சோர்வதோ எப்போது தொடங்கியது என்பவற்றை வைத்தியசாலையில் முதலில் கேட்பார்கள். புடையன் கடித்தால் இரத்தம் உறையாமற் போவதை அறிய, கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பதே அங்கே செய்யும் அடிப்படைச் சோதனை. கடி கையிலே பட்டிருந்தால், நேரத்தைப் பார்த்தவுடன் மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கை வீங்கத் தொடங்கியபின் அவையே இறுக்கும் கட்டாகிவிடும்.

வார் விடயத்தில் என் முடிவு உறுதியானது. தோல் வார் வியர்வையிலும் உப்பிலும் அழுகும். பிளாஸ்டிக் வார் சில ஆண்டுகளில் இந்த வெக்கையிலும் ஈரத்திலும் வெடித்து உதிரும். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 1973 இல் வகுத்த, மணிக்கூட்டின் பின்புறமாக ஒரே துண்டாகச் செல்லும் நைலோன் வாரைக் கட்டினால், வாரைப் பிடித்திருக்கும் பின் என்ற சிறு கம்பி ஒரு பக்கத்தில் உடைந்தாலும் மணிக்கூடு மறுபக்கத்துக் கம்பியில் தொங்கும், கடலில் விழாது.

இவ்வளவையும் கூட்டிப்பார்த்து நான் வாங்கியது சிட்டிசன் புரோமாஸ்டர் வரிசையில், ஒளியில் மின்னேறும், 200 மீற்றர் பொறித்த, வளையம் சுழலும் சுழியோடி மணிக்கூடு. அமுக்கம் காட்டும் மணிக்கூடு வீட்டில் வேறொன்றாக இருக்கட்டும். அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். 1989 இலிருந்து விற்பனையில் உள்ள காசியோ எஃப்-91டபிள்யூ 21 கிராம் எடையும் ஏழு ஆண்டுப் பற்றரியும் கொண்ட அருமையான மலிவு மணிக்கூடு. ஆனால் அதன் நிறுத்தற்கடிகாரம் ஒரு மணித்தியாலத்தோடு மீண்டும் சுழியத்துக்குப் போய்விடும், கடலுக்கும் அது உகந்ததல்ல. சற்றே கூடுதல் விலையில் கிடைக்கும் அதே நிறுவனத்தின் டபிள்யூ-800எச், பத்தாண்டுப் பற்றரியும் 100 மீற்றர் நீர்க்காப்பும் கொண்டது. தொழிலுக்குப் போகும் இளைஞர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். 1983 இல் வந்த ஜி-ஷொக்கின் சூரியவொளி வகைகள் அடிபடும் வேலை செய்பவர்களுக்கு ஏற்றவை. எனக்கு முட்கள்தான் வேண்டும்: கழிந்த நேரமும் எஞ்சிய நேரமும் முகப்பில் இடமாகவே தெரிகின்றன, களைத்த மூளை கழித்தற் கணக்குச் செய்யவேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் மாரி தொடங்குமுன், ஐப்பசியிலேயே, ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருகிப் பூட்டும் குமிழ் முழுதாகப் பூட்டியிருக்கிறதா, வாரின் பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா, வளையத்துக்குள் உப்பு இறுகி அது சுழல மறுக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பற்றரி மாற்றக் கொடுக்கும்போது பின்மூடியிலுள்ள றப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச்சொல்லுங்கள். பழையதையே மீண்டும் வைத்து மூடினால் பொறித்திருக்கும் மீற்றர்க் கணக்கை நம்பமுடியாது. கடையில் நீரமுக்கச் சோதனைக் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கே பின்மூடியைத் திறக்கவிடாமல், அந்தக் கருவி உள்ள திருத்துமிடம் ஒன்றைக் கொழும்பிலாவது தேடி அனுப்பிவைப்பதே நல்லது.